வெட்டினாலும் உடையாத எண்

டாக்டர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்னம்மா?"

எனக்கு அது என்னவென்று தெரியும். அரூர் தாலுகா அலுவலகத்தில் இத்தனை வருடமாக அதைப் பிடித்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதன் மூடி, முள், மை, எல்லாம் மனதில் தெளிவாக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அப்புறம்" என்று வந்தது.

அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "அப்புறம்" என்றேன். ஜன்னலைக் காட்டினார். அதற்கும் "அப்புறம்". கடைசியில் கட்டிலோரம் நின்றிருந்த என் கணவரைக் காட்டி, "இவர் யாரு?" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, முழு உயிரையும் நாக்கில் கொண்டுவந்து சொன்னேன். அதுவும் "அப்புறம்" என்றுதான் விழுந்தது. என் கணவர் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விபத்தைப் பற்றி எனக்கு நினைவில் எதுவும் இல்லை. பிறகு மற்றவர்கள் சொன்னதுதான். என் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்காக நான் மட்டும் பஸ்ஸில் சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். கணவர் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர் பக்கம் போயிருந்தார். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது, பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பின்னாலிருந்து மோதியது. எதிர் சீட்டின் கம்பியில் என் தலையின் இடது பக்கம் இடித்தது. சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் வழியில் நின்ற லாரிக்காரர்களும்தான் எங்களை இறக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன் லாரியை அப்படியே ஓரங்கட்டிவிட்டு, என் தலையைத் தன் மடியில் வைத்துத் துண்டால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரைக்கும் ஆம்புலன்சில் வந்தாராம். அவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அவருடைய பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

சேலத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது. டாக்டர் என் கணவரிடம் பொறுமையாக விளக்கினார். "பேச்சு இருக்கற எடத்துல ரத்தம் கட்டிடுச்சுங்க. நீங்க சொல்றது அவங்களுக்குப் புரியும். சொல்லை எடுத்து வெளிய வைக்கிறதுதான் கஷ்டம். வரும். எவ்வளவு வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

எழுதிக் காட்டலாமே என்று நினைப்பீர்கள். எழுத்தும் வரவில்லை. "தண்ணீர்" என்று எழுதப் போனால் கை ஒரு "த" போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

அந்த ஒற்றைச் சொல்லால் சில வேடிக்கைகளும் நடந்தன. கணவரின் அத்தை ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பாவம், இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்ப நினைத்துத்தான் வந்திருப்பார். "ஒண்ணும் ஆவாதும்மா, தைரியமா இரு" என்றார். நான் நன்றி சொல்ல நினைத்து, "அப்புறம்" என்றேன். அவர் உடனே தன் நிலத்தில் போர்வெல் போட்ட கதையை ஆரம்பித்தார். அது முடிந்ததும், போதும், போய் வாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். "அப்புறம்" என்று வந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னார். "அப்புறம்." தன் மருமகளைப் பற்றிச் சொன்னார். அன்று அவர் எழுந்து போக வெகுநேரம் ஆனது. "இவகிட்ட பேசுனா மனசே லேசாவுதுடா" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். விபத்துக்குப் பிறகு என் கணவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்தார். சின்ன வயது, தர்மபுரிக்காரர். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். மாடு, குடை, செருப்பு. முதல் எழுத்தை அவர் எடுத்துக் கொடுப்பார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும். ஒருநாள் கத்தரிக்காய் அட்டை வந்தது. எங்கள் தோட்டத்தில் வருடா வருடம் நாங்கள் போடுகிற பயிர். அதன் முள் குத்தி எத்தனை முறை விரலைச் சப்பியிருப்பேன். "க… கத்…" என்று அவர் எடுத்துக் கொடுத்தார். என்னால் முடியவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்த இடத்தில் என்னிடம் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். வேலை கிடைத்ததென்னவோ தாலுகா அலுவலகத்தில். சாதிச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று பார்க்கிற இடத்தில் கணிதத்துக்கு என்ன வேலை? ஆனால் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்வந்த காலத்தில் பிடித்த ஒரு பித்து மட்டும் விடவே இல்லை. எதிரே வரும் வண்டியின் நம்பரைப் பார்ப்பேன். அது எங்களைக் கடந்து போவதற்குள் அந்த எண்ணைக் காரணிகளாகப் பிரித்துவிட வேண்டும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைப் பகா எண் என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அப்படி ஒன்று மாட்டினால் அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு சந்தோஷம்.

கல்யாணமான புதிதில் இவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, எதிரே 2021 என்று ஒரு லாரி வந்தது. என்னையறியாமல், "நாப்பத்தி மூணு, நாப்பத்தி ஏழு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"என்னாது?"

"அந்த ரெண்டையும் பெருக்குனா அந்த லாரி நம்பருங்க."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பி என்னைப் பார்த்தார். எங்கேயோ ஏமாந்துவிட்டோமோ என்று பார்க்கிற பார்வை. பிறகு சிரித்தார். அவர் பத்தாவது வரைக்கும்தான் படித்தவர். கணக்கில் அவருக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பேச்சு வந்தது. பகு எண் "ஒடையற நம்பர்". பகா எண் "ஒடையாத நம்பர்". எப்போதாவது கிண்டலாக, "அந்த பஸ்ஸு ஒடையுமா?" என்று கேட்பார். அத்தோடு சரி.

கத்தரிக்காய் அட்டைக்காக அழுத அன்று, வெளியே போனவர் திரும்பி வந்து ஜன்னலோரம் நின்றார். கீழே வண்டிகள் நிறுத்துகிற இடம். வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டார்.

"அங்க ஒரு வேன் நிக்குது. ஆயிரத்தி ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஒண்ணு, நடுவுல ஒண்ணுமே இல்ல. இது எங்க ஒடையப் போவுது?"

எனக்கு என்ன ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. நன்றாகப் பழகின வீட்டுக்குள் இருட்டில் கை நீட்டினால் சுவிட்சு தட்டுப்படுமே, அப்படி இருந்தது. இரண்டு கைகளையும் தூக்கி ஏழு விரல்களைக் காட்டினேன். பிறகு பத்து விரல், அதோடு ஒன்று. பிறகு பத்து விரல், அதோடு மூன்று.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "ஏழா? பதினொண்ணா? பதிமூணா?" என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்துத் தட்டினார். ஏழு பெருக்கல் பதினொன்று, எழுபத்தேழு. அதைப் பதிமூன்றால் பெருக்கினார். திரையில் வந்த எண்ணைப் பார்த்தார். ஜன்னலை எட்டிப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினார். நர்ஸ் பதறிப்போய் வந்தார். "என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க. இவ உள்ளதாங்க இருக்கறா. அப்படியே முழுசா இருக்கறா."

நர்ஸுக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. அத்தனை நாளும் எல்லோரும் என்னிடம் குழந்தையிடம் பேசுவதுபோலக் குரலை உயர்த்தி, வார்த்தையைப் பிய்த்துப் பிய்த்துப் பேசினார்கள். நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியிருந்தது. இருக்கிறேன் என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

எங்கள் ஊரான கம்பைநல்லூருக்குத் திரும்பி வந்த பிறகு அதுவே எங்கள் பேச்சானது. அவர் ஒரு எண்ணைச் சொல்வார். உடைந்தால் நான் உள்ளங்கையை விரிக்க வேண்டும். உடையாவிட்டால் கையை மூட வேண்டும். காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவார். சந்தைக்கு லோடு கொண்டுபோனால் அங்கிருந்து வீடியோ காலில் வருவார்; பின்னணியில் ஏலச் சத்தம், தக்காளிக் கூடைகள். "வூட்டுல எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்க மாட்டார். "நாலாயிரத்தி நூத்தி இருவது, ஒடையுமா?" என்பார். கையை விரிப்பேன். "இது சைபர்ல முடியுது, எனக்கே தெரியும். சும்மா கேட்டன்" என்று சிரிப்பார்.

எங்கள் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். வாரக் கடைசியில் வந்துவிடுவாள். அவளிடம் போய் இவர் பாடம் கேட்டார். இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுபடுகிறதா பார்ப்பது, கடைசி இலக்கம் ஐந்தா என்று பார்ப்பது எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது. ஏழுக்கு ஒரு வழி சொன்னாள்; அது மட்டும் அவர் தலையில் ஏறவே இல்லை. "அந்த ஏழு ஒரு ராங்கி புடிச்ச நம்பர்" என்பார்.

அந்த ஏழுதான் எனக்குக் கைகொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவர் காலி கூடைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றார். நான் யோசிப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார். "ஒம்போதும் ஒண்ணும் பத்து, மூணால போவாது. அஞ்சுல முடியல. ரெட்டப்படையும் இல்ல. இது ஒடையாது. கைய மூடு."

நான் கையை விரித்தேன்.

"ஏம்புள்ள, நல்லா யோசன பண்ணு. ஒடையாது."

விரித்த கையை இன்னும் உயர்த்திக் காட்டினேன்.

"சும்மா வெளையாடாத. நான்தான் கணக்குப் பண்ணி சொல்றன் இல்ல? கைய மூடு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கணக்கு தெரியாத மனுஷன் இப்படி அடித்துப் பேசுகிறாரே என்று நிஜமான கோபம்.

"இல்ல. ஏழு!" என்றேன்.

கையிலிருந்த கூடையை அவர் மெதுவாகக் கீழே வைத்தார். "என்ன சொன்ன?"

"ஏழு."

உள்ளேயிருந்து மகள் ஓடி வந்தாள். கையெல்லாம் தோசை மாவு. "அம்மா! ஏழு, அப்புறம்?"

"பதிமூணு" என்றேன்.

ஏழு பெருக்கல் பதிமூன்று, தொண்ணூற்று ஒன்று. மூன்று பேரும் அழுதோம். அடுப்பில் தோசை கருகுகிற வாசனை வந்தபோதுதான் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். நான் பேச வேண்டும் என்பதற்காக அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாரா என்று பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறேன். "சத்தியமா எனக்குத் தெரியாது புள்ள" என்பார். நம்புகிறேன். அவருக்கு நடிக்க வராது.

அந்தச் சேதி சந்தைக்கும் போயிற்று. அங்கே லோடு இறக்குகிற டிரைவர்கள் தங்கள் வண்டி நம்பரையெல்லாம் இவரிடம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். "அண்ணிகிட்ட கேளுங்க, என் வண்டி ஒடையுமான்னு." பென்னாகரம் பக்கத்தில், வீட்டில் கன்னடம் பேசுகிற ஒரு டிரைவர் இருந்தார். நான் முதலில் சொன்ன எண் ஏழு என்று கேள்விப்பட்டதும், ஒருநாள் போனை வாங்கி என்னிடமே பேசினார். "எங்க பாஷையிலயும் அது ஏளுதாங்க அண்ணி. நீங்க ரெண்டு பாஷை பேசிட்டீங்க, கவலையே படாதீங்க." அவருடைய லாரி நம்பர் உடையாத நம்பராக இருந்தது. அதைச் சொன்னதும், அந்த வண்டியை எந்தக் காலத்திலும் விற்கப் போவதில்லை என்றார்.

ஆனால் எண்களின் பெயர்கள் வந்த வேகத்தில் மற்றச் சொற்கள் வரவில்லை. ஏழு, பதிமூணு, நூத்தி ஒண்ணு என்பேன். உப்பு கேட்க முடியாது. "இல்ல" வந்தது, "வேணாம்" வந்தது. இரண்டு சொல் சேர்ந்தாற்போல வந்தால் பெரிய காரியம். அலுவலகத்தில் மருத்துவ விடுப்பு நீண்டுகொண்டே போனது. இனி இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நான் மனதுக்குள் சமாதானம் செய்துகொண்ட ஒரு சமயத்தில்தான் அந்தப் பெரிய எண் வந்தது.

ஒரு சாயங்காலம் கணவர் சாக்கட்டியோடு வந்து, வாசல் சிமெண்ட் தரையில் பெரிதாக எழுதினார். 73939133. எழுதிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏழு கோடியே முப்பத்தொம்போது லட்சத்தி முப்பத்தொம்போதாயிரத்தி நூத்தி முப்பத்தி மூணு. ஒடையுமா?"

அதை அவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்பது சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. மகளின் வேலை. இவ்வளவு பெரிய எண்ணை மனக்கணக்கில் சோதிக்க முடியாது. எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டிப் போகும் வரைக்கும் ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டும். முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"இது ஒடையாது. இப்பப் பாரு" என்று கடைசி மூன்றைக் காலால் அழித்தார். 7393913. "இதுவும் ஒடையாது." இன்னொரு மூன்றை அழித்தார். "இதுவும் ஒடையாது." ஒன்றை அழித்தார். ஒன்பதை அழித்தார். மூன்றை, இன்னொரு ஒன்பதை, இன்னொரு மூன்றை. ஒவ்வொரு முறையும் "இதுவும் ஒடையாது." கடைசியில் தரையில் ஏழு மட்டும் நின்றது. "இதும் ஒடையாது. இந்த மாதிரி நம்பருங்க கொஞ்சம்தான் இருக்குதாம். அதுலயே பெருசு இதுதானாம். இதுக்கு மேல கிடையவே கிடையாதாம். பாப்பா சொன்னா."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்தும் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. வலது ஓரத்தில் ஒவ்வோர் இலக்கமாக வெட்டிக்கொண்டே வந்தாலும், மிஞ்சுவதெல்லாம் பகா எண்ணாகவே நிற்கிறது. நிஜமா? சாக்கட்டியைப் பிடுங்கி, அடுத்தாற்போல ஓர் இலக்கம் சேர்த்தால் என்ன என்று பார்த்தேன். இரட்டைப்படை இலக்கமோ ஐந்தோ சேர்த்தால் பார்த்தவுடனே உடையும். ஒன்றைச் சேர்த்தால் இலக்கங்களின் கூட்டுத்தொகை முப்பத்தொன்பது, மூன்றால் உடைந்துவிடும். ஏழைச் சேர்த்தாலும் மூன்றால் உடையும். மூன்றையோ ஒன்பதையோ சேர்த்தால் உடைவதைக் கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும். அதை மகள் பார்த்துச் சொன்னாள். ஆக, அதை நீட்ட வழியில்லை.

அந்தச் சங்கிலி உண்மையா என்று நானே என் கையால் பார்க்க வேண்டும் போலிருந்தது. முழுதும் முடியாவிட்டாலும் அடியிலிருந்து முடிகிற வரைக்கும். பேச்சுப் பயிற்சிப் பெண் அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது, தரையெல்லாம் சாக்கட்டிக் கணக்கைப் பார்த்துவிட்டு என் கணவரிடம் விசாரித்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, கத்தரிக்கா அட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடலாம். நீங்க இதையே பண்ணுங்க. ஆனா மனசுக்குள்ள பண்ணக் கூடாது. எதால வகுக்கிறீங்க, போவுதா, போவலையா, மீதி எவ்வளவு, எல்லாத்தையும் வாய்விட்டு சொல்லணும். முழுசா சொல்லணும்."

கையிலிருந்த பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எதிரே இருக்கிற ஆளுக்கு எது வருமோ அதைப் பாடமாக்க அந்த வயதில் அவருக்குத் தோன்றியதே, அது சாதாரணமில்லை.

எழுநூற்று முப்பத்தொன்பதில் தொடங்கினேன். "ஏழு. போவாது. மீதி நாலு." முதலில் அவ்வளவுதான். "பதினொண்ணு… போவாது. மீதி ரெண்டு." மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, முழுசா" என்பாள். "பதிமூணால… வகுத்தா… போவாது." வர்க்கமூலத்தைத் தாண்ட வேண்டியதில்லை என்பதால் இருபத்து மூன்று வரைக்கும் பார்த்தால் போதும். பார்த்தேன். உடையவில்லை. அடுத்து ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. அதற்கு எண்பத்து மூன்று வரைக்கும் போக வேண்டும். நாள்கணக்கில் வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டு வகுத்தேன். தெருவில் போகிறவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. "இன்னும் ஒடையலையாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "இன்னும் ஒடையல" என்பேன். கவனியுங்கள், அது ஒரு முழு வாக்கியம்.

ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று உடையாதென்று முடிவான அன்று எனக்கு இன்னொன்று உறைத்தது. அதை நாலால் வகுத்தால் மீதி ஒன்று. அப்படிப்பட்ட பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும், அதுவும் ஒரே ஒரு விதத்தில்தான். கல்லூரியில் அந்தத் தேற்றத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை அழகு. உட்கார்ந்து தேடினேன். எழுபத்திரண்டின் வர்க்கமும் நாற்பத்தேழின் வர்க்கமும். ஐயாயிரத்து நூற்று எண்பத்து நாலும், இரண்டாயிரத்து இருநூற்று ஒன்பதும். கூட்டினால் அச்சாக வந்து நின்றது.

கணவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவரால் நேராக நிற்கக்கூட முடியாத அளவு களைப்பு. நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தரையைக் காட்டினேன்.

"ஏங்க, இத பாருங்க. எழுபத்தி ரெண்டை… எழுபத்தி ரெண்டால பெருக்கணும். நாப்பத்தி ஏழை நாப்பத்தி ஏழால பெருக்கணும். ரெண்டையும் கூட்டுனா… இந்த நம்பர் வருது. இது மாதிரி வேற எந்த… ரெண்டை எடுத்தாலும் வராது. இது ஒண்ணுதான். எழுபத்தி மூணுக்கும் இது உண்டு. எட்டும் மூணும். ஆனா நடுவுல இருக்கற எழுநூத்தி முப்பத்தொம்போதுக்குக் கிடையாது. ஏன்னா அதை நாலால வகுத்தா மீதி மூணு."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே தெரிந்தது. அவர் ஈரக் காலோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். "இன்னும் புரியல. இன்னொருக்கா" என்றார். அன்று அவருக்கு எத்தனை முறை அதைச் சொன்னேனோ தெரியாது. அவருக்கு இன்றுவரை அது புரியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எழுபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதையும் வகுத்து முடித்தேன். அதற்கு இருநூற்று எழுபத்தொன்று வரைக்கும் போக வேண்டியிருந்தது. அதற்குள் உப்பு வந்துவிட்டது, கத்தரிக்காய் வந்துவிட்டது, மகளின் பெயர் வந்துவிட்டது. மிச்சம் மூன்று எண்களை மகளின் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. அதற்கு மேல் எனக்கு நேரமில்லை. அலுவலகத்தில் திரும்பச் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

இப்போதும் நான் பழையபடி பேசுகிறேன் என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போனால் கண்ணாடி என்பதற்குக் கதவு என்பேன். என் மேசைக்கு மனு கொண்டு வருகிறவர்கள், நான் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நிற்கும்போது, அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர், "மெதுவா சொல்லுங்க தாயி, எனக்கு சாயங்காலம்தான் பஸ்ஸு" என்றார். சக ஊழியர்கள் போன் எடுக்கிற வேலையைத் தாங்களாகவே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக் காட்டியதில்லை.

சென்ற தைக்குப் பிறகு, அந்தப் பேச்சுப் பயிற்சிப் பெண் போன் செய்தார். சித்தேரி மலையில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து, என்னைப் போலவே பேச்சில்லாமல் இருக்கிறார். அவர் மனைவி மிகவும் உடைந்துபோயிருக்கிறார். நீங்கள் ஒருமுறை வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றார். நானும் கணவரும் மலை பஸ் பிடித்துப் போனோம்.

சாமை விளைகிற சின்னக் காடும் சில ஆடுகளும் வைத்திருக்கிற குடும்பம். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு என் கதையைத் திக்கித் திக்கிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் எண்தான். அதைத்தான் சொல்லப் போனேன்.

என் கணவர் குறுக்கே புகுந்தார். "அதெல்லாம் இவளுக்குங்க. உங்க வூட்டுக்காரருக்கு என்ன புடிக்கும்?"

அந்த அம்மா யோசித்தார். "என்னாங்க புடிக்கும்… ஆடுன்னா உசுரு. எங்கிருந்து கூப்புட்டாலும் அவரு குரலுக்குத்தான் வரும்."

"ஆடு எங்க இப்ப?"

"மேல காட்டுல மேயுதுங்க."

என் கணவரும் அந்த அம்மாவும் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து எழுப்பி வெளியே கொண்டுவந்து ஒரு கல்மேல் உட்கார வைத்தார்கள். சரிவில் ஆடுகள் தெரிந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் உதட்டைக் குவித்தார். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி குவித்தார். சொல் இல்லை; நாக்கை மேலண்ணத்தில் தட்டி எழுப்புகிற ஒரு கூப்பிடு ஒலி. சின்னதாகத்தான் வந்தது.

ஒரு வெள்ளாடு தலையைத் தூக்கியது. அடுத்து இன்னொன்று. எல்லாம் ஒன்றாகச் சரிவில் இறங்கி வந்தன.